அங்கிள் வந்திட்டுது

ஹென்டர்சன் நகரில் ஒரு தியேட்டர். தான் யார் என்று தேடும் ஆசிய அமெரிக்க இளைஞனின் காதல் நகைச்சுவைப் படம். காதலியின் பெற்றோரிடம் அவன் தன் தாய்மொழியில் பெண் கேட்கத் தொடங்கி உளறுகிறான். விருந்தாளியாக வந்திருக்கும் நான் உரக்கச் சிரிக்கிறேன். பக்கத்தில் யாழ்ப்பாண நண்பரின் மகள் மீரா, இங்கேயே பிறந்தவள், சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும், "படம் பிடிக்கலையாம்மா?" என்கிறேன்.

"பிடிச்சது, அங்கிள்." சொற்களைத் தேடித் தேடிப் பேசுகிறாள். "நேற்று எயார்போர்ட்டில, அப்பாவுக்கு போன்ல 'அங்கிள் வந்திட்டுது' எண்டு சொன்னன். அப்பவும் நீங்கள் இப்பிடித்தான் சிரிச்சீங்கள்."

சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், அவள் என்னை அஃறிணையாக்கியதை நடித்தும் காட்டியிருந்தேன்.

"மன்னிச்சுக்கோம்மா."

"இட்ஸ் ஓகே, அங்கிள்."

காரில் நான் தமிழில் கேட்கக் கேட்க, அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறாள், ஒரு பிழையும் இல்லாமல்.