மாமன் சீராகப் போட்ட தரை

சிவபாண்டி கூடத்துக்குள் காலை வைத்தார். பாதம் தரையில் ஒட்டி, சப்பென்ற சத்தத்தோடு பிரிந்தது. குனிந்து பார்த்தார். நேற்று மாலை பளபளவென்று இருந்த பச்சை நிறக் கோட்டா கல் தரையின் மேல், கஞ்சி கொட்டிக் காய்ந்தது போல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் சுரண்டினால் பிசின் மாதிரி நகக்கண்ணில் ஏறியது.

விடிந்தால் பால்காய்ப்பு.

வில்லாபுரத்தில் அவருடைய அக்கா மகள் தமிழ்வாணி கட்டியிருக்கும் வீடு அது. சிவபாண்டியின் அப்பா சோலையும் அம்மா மலையம்மாளும் பரவைப் பக்கம் ஊரார் வயலில் நடவு நட்டு, கதிர் அறுத்து வாழ்ந்தவர்கள். அந்த வம்சத்தில் சொந்தமாக மாடி வீடு கட்டியது தமிழ்வாணிதான். கல் பதிப்பதையே தொழிலாக வைத்திருந்த சிவபாண்டி, “தரை என் பொறுப்பு. அதுதான் மாமன் சீரு” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கல் பார்த்து எடுத்ததும் அவர்தான், பதித்ததும் அவர்தான். எண்ணெயும் மஞ்சளும் கறையாகப் பிடிக்காமலிருக்கக் கடைசியாக சீலர் என்னும் பூச்சைப் போட்டதும் அவர்தான்.

தப்பும் அங்கேதான் நடந்தது. சீலரைப் பரப்பினால் கல் குடித்தது போக மேலே நிற்பதைக் காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். நேற்று அவர் பரப்பி முடித்த நேரம் பார்த்து, கட்டிலும் பீரோவும் ஏற்றிய வண்டி வந்து நின்றது. தமிழ்வாணியின் மாமனார் உக்கிரபாண்டி வாசலிலிருந்து, “பொண்ணு வீட்டாளுக ஒருத்தரும் கை குடுக்க மாட்டீகளோ?” என்று சத்தம் போட்டார். சிவபாண்டி எழுந்து ஓடினார். பீரோவை மாடிக்கு ஏற்றி இறங்கி வந்தபோது தரை காய்ந்து மினுமினுத்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று மேலோட்டமாகத் துடைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்.

இப்போது சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். அசையவில்லை. வெந்நீர் விட்டார். வெள்ளை மறைந்தது போல இருந்து, ஈரம் காய்ந்ததும் திரும்பி வந்தது. குளியலறையில் டைல்ஸ் கழுவ வைத்திருந்த ஆசிட் பாட்டில் கண்ணில் பட்டது. இந்தக் கல்லை ஆசிட் அரித்துவிடும் என்று தெரியும். தெரிந்தும் மாடிப்படிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கல் நுரைத்துப் பொங்கியது. அள்ளி அள்ளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, பாட்டிலை மூடித் தூரக் கொண்டுபோய் வைத்தார்.

அக்கா முத்துமீனா பூக்கூடையோடு வந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றாள்.

“என்னடா தம்பி இது, காலைப் பிடிச்சு இழுக்குது?”

“சீலரு மேலயே காஞ்சு போச்சுக்கா. எடுத்துரலாம்.”

“எப்ப எடுப்ப? சாயங்காலம் சாதிசனம் அம்புட்டும் வந்துரும். அவுக வீட்டாளுக முன்னாடி நான் எப்படித் தலை நிமிர்ந்து நிக்கிறது?”

பூக்கூடையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சிவபாண்டிக்கு இருந்தது.

திருப்பரங்குன்றத்தில் சீலர் வாங்கிய கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மிச்சம் வச்சிருக்கீகள்ல? அதையே மேல ஊத்துங்க. காஞ்சது இளகும். இளகுன உடனே வழிச்சு எடுத்துரணும். விட்டீகன்னா ரெண்டாவது பூச்சும் சேந்து இறுகிப்போகும், அப்புறம் என்னையக் கேக்காதீக. கதவு ஜன்னலைத் தொறந்து வைங்க. பக்கத்துல நெருப்பு ஆகாது” என்றார்.

கெடுத்ததையே திரும்பவும் ஊற்றுவதா? சிவபாண்டிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. வாசலோரம் ஒரே ஒரு கல்லில் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளைப் படலம் ஓரத்தில் சுருங்கி இளகியது. பனியன் துணியை வைத்து அழுத்தி இழுத்தார். பழுப்பாக, பசையாக வந்தது. அடியில் கல்லின் பச்சை தெரிந்தது.

அவர் மூச்சு விடுவதற்குள் உக்கிரபாண்டி உள்ளே வந்துவிட்டார்.

“என்ன சம்பந்தி, பூசுனதையே மறுபடி பூசுறீக? வெளையாட்டா இருக்கா?”

“இப்படித்தான் எடுக்கணும் சம்பந்தி. பின்னாடி அடுப்பு எரியுது. கொஞ்ச நேரம் அணைச்சு வைக்கணும். இது ஆவி பறக்குற சாமான், பத்திக்கும்.”

பின்கட்டில், கூடத்துக் கதவுக்கு நேராக, சமையல்காரர் விருமாண்டி லட்டுக்குப் பூந்தி போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் கேஸ் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது.

“நல்ல காரியத்துக்கு ஏத்துன அடுப்ப அணைக்கச் சொல்ல நீங்க யாரு?” உக்கிரபாண்டியின் குரல் ஏறியது. “செய்யிறதையும் செஞ்சுபுட்டு அதிகாரம் வேறயா? மாமன் சீருன்னு தரையில கோந்து தடவி வச்சிருக்கீக!”

சிவபாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. டின்னை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். பந்தல்காரர்கள் கையில் கயிற்றோடு வேடிக்கை பார்த்தார்கள். விருமாண்டி ஜல்லிக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

மாடியிலிருந்து தமிழ்வாணி இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. மாமனாரைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள். கேஸைத் திருகி மூடினாள்.

“பூந்தி அப்புறம் போட்டுக்கலாம் விருமாண்டிண்ணே. அடுப்பையும் சிலிண்டரையும் தெருப்பக்கம் தூக்கிட்டுப் போயிருங்க.” திரும்பி வந்து, “மாமா, என் வீடு எரியாம இருந்தாப் போதும். நீங்க கோவிச்சுக்காம வெளிய உக்காருங்க” என்று உக்கிரபாண்டியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு இடத்தை விட்டு நகரவில்லை.

உக்கிரபாண்டி மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தமிழ்வாணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிவபாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீங்க ஊத்துங்க மாமா. நான் வழிக்கிறேன்.”

“கையில உறையப் போட்டுக்க தாயி. நான் சொல்லயில நிறுத்தாம இழுக்கணும்.”

ஒரு சமயத்தில் இரண்டு மூன்று கல்லுக்கு மேல் ஊற்றவில்லை. ஊற்றுவதும் காத்திருப்பதும் வழித்து எடுப்பதுமாக, கதவுப் பக்கத்திலிருந்து உள்ளே நகர்ந்தார்கள். நெடி தலைக்கு ஏறியது. ஒருமுறை தமிழ்வாணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வர, சிவபாண்டி அவளை இழுத்துப் போய் வாசல் காற்றில் உட்கார வைத்தார். அதற்குள் உள்ளே ஊற்றி வைத்த கல் இறுகத் தொடங்கியது. ஓடினார். முழங்காலில் விழுந்து தேய்த்தார். பாதிதான் வந்தது. துணி இழுபட மறுத்தது.

பக்கத்தில் இன்னொரு கை வந்து அழுத்தியது. முத்துமீனா. பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியோடு சேர்ந்து இழுத்தாள். அந்தக் கல்லும் விட்டுக்கொடுத்தது.

வெயில் தாழ்ந்தபோது டின்னில் அடி மண்டிதான் மிச்சமிருந்தது. கூடம் முழுவதும் வெறுங்காலோடு நடந்து பார்த்தார். எங்கும் ஒட்டவில்லை. நேற்றைய மினுமினுப்பும் இல்லை. கல் கல்லாக இருந்தது. ரயிலிலிருந்து இறங்கி வந்த தமிழ்வாணியின் கணவன் சூர்யபிரகாஷ் ஒன்றும் தெரியாமல், “தரை ஜில்லுன்னு இருக்கு மாமா” என்றபோது சிவபாண்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நெடி முழுக்கப் போகாததால், ஹோமத்தை வெளியே பந்தலுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஹோமம் செய்ய வந்த கிருஷ்ணபிரசாத், “பேஷா பண்ணலாம், எனக்கும் காத்தோட்டமா இருக்கும்” என்றுவிட்டார். மறுநாள் காலை உக்கிரபாண்டி கூடத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார். “இன்னும் நாறுது” என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். பந்தி முடியும்வரை சிவபாண்டியிடம் முகம் கொடுக்கவில்லை.

சிவபாண்டி மாமன் முறைக்கு மாலை போட்டார், பணம் வைத்துக் கொடுத்தார், பந்தியில் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

சாம்பார் வாளியோடு வந்த முத்துமீனா அதைக் கவனித்துவிட்டாள். “என்னடா, சோத்துலயும் சீலரு வாடையா?”

“கைய எம்புட்டுக் கழுவியும் போகலக்கா.”

“எனக்குந்தான். காலையில காப்பி டம்ளரே நாறுச்சு” என்றவள், கேட்காமலேயே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, ஸ்பூன் எடுத்துவர உள்ளே போனாள்.