முப்பத்தொன்றாம் ஞாயிறு

இன்று காலை அலமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய காலாண்டிதழிலிருந்து துண்டுச் சீட்டு ஒன்று உதிர்ந்து தரையில் விழுந்தது. நீளம் நான்கு விரல், அகலம் இரண்டு விரல். குனிந்து எடுப்பதற்குள் மின்விசிறிக் காற்றில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஒட்டடைக் கம்பால் இழுத்து எடுத்தேன். "மூன்றாம் அட்டவணையில் முப்பத்தொன்றாம் ஞாயிற்றின் எண் அளந்ததன்று. கட்டுரையாளர் ஊகித்து எழுதியது. நீக்கிப் படிக்கவும்." பதினோரு சொற்கள். அந்தக் கட்டுரையாளர் நான்தான். சொற்களை எழுதியவர் அந்த இதழின் பதிப்பாசிரியர் அம்மாள். வெட்கப்பட வேண்டிய சீட்டு இது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றிதான் பொங்குகிறது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய காலம் அது. அவற்றில் ஒன்றில் தண்ணீர் சோதிக்கும் வேதியியலாளராக இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் கொதிகலனுக்குப் போகும் தண்ணீர். ஏழாம் நாள் எனக்கே எனக்கென்று பழவேற்காடு ஏரித் தண்ணீர். ஓராண்டு முழுக்க, ஞாயிறு தவறாமல், ஒரே இடத்தில் நீர் எடுத்து அதில் ஆயிரத்துக்கு உப்பு எத்தனை பங்கு என்று பார்ப்பது என் திட்டம். ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஐம்பத்திரண்டு புட்டி. குப்பத்தில் என் வயதுள்ள ஒருவர்தான் ஒவ்வொரு வாரமும் தோணி தள்ளுவார். "இன்னா சார், மீன உட்டுட்டு தண்ணிய புட்சிகினு போற? ஊட்ல கொழம்பு எப்டி வெப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். ஐம்பத்தொரு தடவையும் அதே கேலி.

ஐம்பத்தொரு தடவை என்றுதான் எழுத வேண்டும். முப்பத்தொன்றாம் ஞாயிறு நான் போனபோது தோணிகள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. தோணிக்காரரின் பெரியப்பா அன்று விடியலில் இறந்துபோயிருந்தார். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். நானும் துக்கம் விசாரித்துவிட்டு, காலிப் புட்டியோடு திரும்பி வந்தேன். குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நேரே "சாவு. தோணி இல்லை" என்று எழுதி, எண்ணுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஆண்டு முடிந்து கட்டுரைக்காக அட்டவணையைத் தட்டச்சு செய்தபோதுதான் அந்த ஓட்டை என்னைத் தின்றது. ஐம்பத்தொன்று என்பது ஓர் எண்ணா? முன் வாரம் 33.4, பின் வாரம் 34.2. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 33.8 என்று அடித்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையை முதலில் நகரத்துக் கல்லூரி ஒன்றின் பேராசிரியருக்கு அனுப்பி, கருத்துக் கேட்டேன். ஏழு மாதம் பதில் இல்லை. மூன்று நினைவூட்டுக் கடிதங்களுக்கும் பதில் இல்லை. பிறகு, கல்லூரி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்திய அந்தத் தமிழ் அறிவியல் காலாண்டிதழுக்கு அனுப்பினேன். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு அருகில் ஓர் அச்சகத்தில் அது அச்சானது. பதிப்பாசிரியர் அம்மாள் விலங்கியல் கற்பித்தவர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கலாம். சனிக்கிழமைதோறும் அச்சகத்துக்கு வந்து, மர அளவுகோலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து மெய்ப்புப் பார்ப்பார். என் கட்டுரையை இருபத்து மூன்று கேள்விகளோடு திருப்பி அனுப்பி, பதில் வாங்கி, ஏற்றுக்கொண்டார். கேள்விகள் அதிகம் என்று அப்போது மனத்துக்குள் திட்டினேன்.

என் கட்டுரை அச்சேறி, இதழ் தைப்பதற்கு இருந்த வேளையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "அடுத்த இதழில்" என்ற அறிவிப்பில் என் தலைப்பைப் பார்த்த அதே பேராசிரியர், தம் கட்டுரை ஒன்றை அனுப்பி, அதிலுள்ள அளவுகளை நான் திருடிவிட்டதாக எழுதியிருக்கிறார். அதே ஏரி, அதே குப்பம், அதே ஐம்பத்திரண்டு ஞாயிறு, அதே எண்கள். இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதாக அம்மாள் எழுதியிருந்தார்: பதினைந்து நாளுக்குள் மூலக் குறிப்பேட்டைத் தாருங்கள், ஒவ்வொரு ஞாயிறும் எத்தனை மணிக்கு, யாருடைய தோணியில் போனீர்கள் என்று எழுதுங்கள், அதுவரை இதழ் வெளிவராது. குற்றச்சாட்டாக ஒரு சொல் இல்லை. ஆறுதலாகவும் ஒரு சொல் இல்லை. அவர் பேராசிரியர், நான் கொதிகலன் தண்ணீர் பார்ப்பவன். யார் பேச்சு எடுபடும்?

குறிப்பேடு என்னிடம் இருந்தது. உப்புக் கறை படிந்த பக்கங்கள். அதைக் கொடுத்தால் நான் திருடன் அல்லன் என்பது தெரியும். பொய் எண் எழுதியவன் என்பதும் தெரியும். கொடுக்காவிட்டால் திருடன். பதினைந்து நாளில் எட்டு நாளை இப்படியே கழித்தேன். ஒன்பதாம் நாள், ஞாயிறு, ஒரு யோசனையோடு குப்பத்துக்குப் போனேன். யாராவது வந்து கேட்டால், அன்றைக்கும் தோணி தள்ளியதாகச் சொல்லும்படி தோணிக்காரரைக் கேட்பது என்பதுதான் அந்த யோசனை. குறிப்பைச் சுரண்டிவிட்டு, வெறுமையான கட்டத்தில் எண்ணை எழுதிக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம் போதும்.

அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. "எங்க பெரியப்பன் பொணம் ஊட்ல கெடக்க சொல்ல, நானு தோணி தள்னேன்னு சொல்லணும். அப்டித்தான சார்?" என்றார். பிறகு நிமிர்ந்தார். "அத்த கேட்டா குப்பத்துல எவன் சார் எங்கூட தண்ணில எறங்குவான்? உனக்கு ஒரு நம்பரு கொறையுது. எனக்கு ஊரே பூடும்."  அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "போய்க்கினே இரு சார். தண்ணி இல்லன்னா இல்லன்னு சொல்லேன், இன்னா ஆயிடும்?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு ரயில் மாறித் திருவள்ளூர் போனேன். அச்சகத்தில் அம்மாளின் மேசைமேல் குறிப்பேட்டை வைத்து, நானே அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். அளவுகோலை அந்த வரிக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் அச்சான அட்டவணை. இரண்டையும் பார்த்தார்.

"இந்த நம்பர் எங்கேருந்து வந்தது?"

சொன்னேன். பென்சில் எடுத்து ஓரத்தில் கூட்டி, இரண்டால் வகுத்துச் சரிபார்த்தார். வகுத்தல் சரியாக இருந்தது எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்ன நிம்மதி. "மத்த ஐம்பத்தொண்ணு?" என்றார். "அளந்தது, அம்மா." "சரி, குறிப்பேடு இங்கேயே இருக்கட்டும்" என்றார்.  திரும்பும் ரயிலில் எல்லா நிலையங்களையும் எண்ணினேன். வேலை போனால் என்ன செய்வது என்ற நினைப்பில் இரண்டு முறை எண்ணிக்கை தவறியது.

பிறகு நடந்ததைத் தோணிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "உங்க பத்திரிக அம்மா ஒண்ணு வந்துச்சி சார். பெரியப்பன் செத்த நாள மூணு பேராண்ட தனித்தனியா கேட்டுச்சி. நாலாவதா என்னாண்ட. டீ வாங்கியாந்தா வேணாம்னுட்ச்சி, வேல முடியட்டும்னு. கோர்ட்டு அமீனா மாதிரி கீது!" மற்றது அச்சகத்தில் தெரிந்தது. பேராசிரியர் குறிப்பேடு தரவில்லை, வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாக எழுதினாராம். ஆனால் அம்மாளின் இரண்டாவது கேள்விக்கு ஞாயிறு ஞாயிறாகப் பதில் எழுதியிருந்தார். முப்பத்தொன்றாம் ஞாயிறு: காலை ஏழு மணி, தெளிந்த வானம், அதே குப்பத்துத் தோணி, உப்பு 33.8.

ஏரியில் எங்குமே இல்லாத எண் அது. என் தட்டச்சுப் பொறியில் பிறந்தது. என் கைப்பிரதியிலிருந்து அல்லாமல் வேறு எங்கிருந்தும் அவருக்கு அது கிடைத்திருக்க முடியாது. அம்மாள் அவருடைய கட்டுரையைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்பினார்; அவருடைய கல்லூரி முதல்வருக்கு எல்லாக் கடிதங்களின் நகலையும் அனுப்பினார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

எனக்கு அது போதவில்லை. அச்சகத்துக்குப் போய், பேராசிரியரின் பெயரை இதழில் போட்டே ஆக வேண்டும் என்று குதித்தேன். அச்சுக் கோப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மாள் அளவுகோலை மேசைமேல் வைத்தார். "நான் நிறுத்திட்டேன், அச்சுல வரல. வராத ஒண்ணுக்காக ஒருத்தர் பேரை ஏன் போடணும்? உங்களுது அச்சாயிடுச்சு. போடறதுன்னா உங்களைத்தான் சார் போடணும்."  பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்டுரையை எடுக்கப் போறதில்ல. ஐம்பத்தொண்ணும் நல்ல வேலை. அந்த ஒண்ணை மட்டும் சொல்லிடுவோம்" என்றார். அந்த இடத்திலேயே சீட்டுக்கான பதினோரு சொற்களையும் எழுதி என் கையில் கொடுத்தார், ஒப்புதலா என்று பார்க்க. முதலில் "தவறுதலாக" என்று ஒரு சொல்லும் இருந்தது. நான்தான் அதை அடிக்கச் சொன்னேன். அன்றுதான் அவர் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார்.

முன்னூறு பிரதிகள், முன்னூறு சீட்டுகள். மைதாப் பசை காய்ச்சி, அட்டவணைக்குக் கீழே ஒவ்வொன்றாக நானே ஒட்டினேன். காலை பத்துக்குத் தொடங்கி மாலை ஐந்தேகாலுக்கு முடித்தேன். "சாருக்குப் பெஞ்சில் ஒரு இடம் போட்டுடலாம், கூலி வேணாம்னுட்டாரு" என்று பைண்டர் கிண்டல் செய்தார். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் "கைப்பிரதி கிடைத்த நாள்" என்று ஒரு வரி வரத் தொடங்கியது. அளவுகள் உள்ள கட்டுரையோடு குறிப்பேட்டின் நகலும் கேட்டார்கள். அதற்குக் காரணம் நான் என்று எங்கும் எழுதவில்லை.

அந்த இதழ் இப்போது இல்லை. இன்றைக்கு எந்தக் கட்டுரையையும் கணினியில் போட்டால், எத்தனை வரி எங்கிருந்து எடுத்தது என்று நொடியில் சொல்லிவிடுகிறதாம். நல்லதுதான். ஆனால் என் 33.8ஐ அதில் போட்டிருந்தால், சொந்தச் சரக்கு என்று நற்சான்று கொடுத்திருக்கும். அது பொய் என்று உறுதிசெய்ய, வெயிலில் குப்பத்துக்கு நடந்து நான்கு பேரைக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் என்னைத் திருட்டுப் பழியிலிருந்து காப்பாற்றினார். அதற்காக என் பொய்யை மூடிவைக்கவும் இல்லை. அதன் பிறகு வேலையில் இருந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் வெறுமையான கட்டத்தை வெறுமையாகவே விட எனக்குக் கை கூசவில்லை.

சீட்டின் பின்பக்கம் பசை பழுப்பாகிச் செதில் செதிலாக உதிர்கிறது. அது விழுந்துபோன பக்கத்தில் 33.8 சாதுவாக மற்ற எண்களோடு வரிசையில் நிற்கிறது. தெரியாதவர் பார்த்தால் நம்பிவிடுவார். வீட்டில் கோந்து இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. அடுப்படியில் போய் இரண்டு கரண்டி மைதா எடுத்துக் காய்ச்சினேன். மர அளவுகோல் இல்லாததால் செய்தித்தாளை மடித்து வரிக்குக் கீழே வைத்து, கோணாமல் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினேன். முன்னூற்று ஒன்று.