நான் குப்பையில் போட்ட கேலக்சி

எங்கள் தொழிலில் சரக்கைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தொலைதூர கேலக்சிகளில் நட்சத்திரம் பிறக்க எவ்வளவு வாயு இருக்கிறது என்று ரேடியோ அலைகளை வைத்து அளக்கிறோம். "என்னப்பா வேலை பாக்கிற?" என்று கல்யாணப் பந்தியில் கேட்டால், சாம்பார்காரரைக் கூப்பிட்டுத் தப்பிக்கிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயத்துக்கு மூன்று கேலக்சிகள் எடுத்தேன். இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதும் கைவிரித்தால் அத்தியாயமே கிடையாது என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

காக்கா கணக்கு

சதுரங்கப்பட்டினத்தில் மீன் வாங்கப் போனால் படகுக்காரர் பாஸ்கர் அண்ணன் என்ன வேலை என்று கேட்காமல் விடமாட்டார். அவரிடம் உண்மையைச் சொன்னேன். அந்தக் கேலக்சிகளில் இருக்கும் வாயு பெரும்பாலும் ஹைட்ரஜன். அந்தக் குளிரில் அது வாயே திறக்காது. அதோடு கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். அது மட்டும் ரேடியோ அலையில் குரல் கொடுக்கும். அந்தக் குரலை அளந்து, ஹைட்ரஜன் இவ்வளவு இருக்கும் என்று பெருக்கிச் சொல்வோம்.

அண்ணன் வலையிலிருந்து நண்டைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "கடல்காக்கா எங்க சுத்துதோ அங்க மீன் கீது. இத்த சொல்றதுக்கா நைனா உன்ன இத்தினி வருசம் படிக்க வெச்சாங்க?"

எதிர்வீட்டு அத்தை

மூன்றாவது கேலக்சியின் தரவு வந்தது. தொலைநோக்கி வேறு நாட்டில்; நான் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அணுபுரம் குவார்ட்டர்ஸில், லேப்டாப்போடு. கேலக்சி என்றதும் படம் பார்க்க எதிர்வீட்டு செல்வி அத்தை ஓடி வந்தார். மதுரைக்காரர். திரையில் இருந்ததோ மேலும் கீழும் நடுங்குகிற ஒரு கோடு. அதில் எங்காவது ஒரு மேடு தெரிந்தால் வாயு உண்டு. தெரியவில்லை.

அத்தை கோட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த பணியாரத் தட்டை மெல்லக் கீழே வைத்தார். "ஈசிஜி கணக்கா இருக்கேப்பா. யாருக்கு மேலுக்கு முடியல?"

வெட்டியதும் ஒட்டியதும்

செயற்கைக்கோள்கள் எங்கள் அலைவரிசையிலும் கூச்சல் போடும். தரவில் அந்தப் பகுதியைக் குப்பை என்று வெட்டிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சுத்தம் பார்க்கிறவன். சந்தேகப்பட்டதையும் சேர்த்து வெட்டியிருந்தேன். என்னோடு ஆராய்ச்சி செய்யும் பஷீர், அதைத் திரும்ப ஒட்டிப் பார்க்கச் சொன்னான்.

ஒட்டினேன். செயற்கைக்கோள் என்றால் வரும், போகும். இது ஐந்து மணி நேரமும் ஒரே இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. என் மேடு!

பஷீர் போனில் சிரித்து முடிக்கவே நேரமானது. "மச்சான், மாப்பிள்ளையையே யாருன்னு தெரியாம மண்டபத்த விட்டுத் தொரத்திட்டியேடா!"

காலி வலை

அத்தியாயம் பிழைத்தது. நேராக பாஸ்கர் அண்ணனிடம் ஓடி, நம் கேலக்சியில் இருப்பதைப் போலப் பல மடங்கு வாயு என்றேன்.

"இப்பவும் அங்க கீதா?"

"இல்லண்ணா. அந்த அலை கிளம்பினப்போ பூமியே பொறக்கல. இந்நேரம் எல்லாம் நட்சத்திரமாகித் தீர்ந்திருக்கும்."

அண்ணன் நாலு சங்கரா மீனை அள்ளி என் பையில் போட்டார். "காலி வலைக்கே இவ்ளோ குஷியா? இந்தா, இதுல மெய்யாலுமே மீன் கீது."

கண்ணுக்குத் தெரியாததை, எப்போதோ தீர்ந்துபோனதை, நானே ஒருமுறை வெட்டி எறிந்ததை அளந்துவிட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொடுத்தால், அதற்குப் பெயர் முனைவர் பட்டமாம்.