முத்சுகோவின் இடுக்கி

என் அம்மா முத்சுகோ ஒசாகாவில் டாக்சி ஓட்டினாள். ஓய்வு பெறும்வரை ஒரே கம்பெனி. குடித்துவிட்டு வருகிறவர்களை வீடு சேர்ப்பதில் பேர்போனவள். வெள்ளிக்கிழமை மட்டும் வண்டியைத் தொடமாட்டாள். அன்று குடிப்பது அவள் முறை.

கின்ஜோ அக்காவின் கடை. நடுவில் கரியடுப்பும் அதன்மேல் கம்பி வலையும் வைத்த மேசை; நாமே சுட்டுத் தின்ன வேண்டும். மாட்டுக் குடல், ஈரல், இரைப்பை, கூட ஷோச்சு சாராயம். அம்மாவோடு டாக்சி ஓட்டிய இவாமோத்தோ மாமாவும், முடிவெட்டும் யசுயோ அத்தையும் வருவார்கள். அம்மா வைத்த சட்டம் ஒன்றுதான். இடுக்கியை வேறு யாரும் தொடக்கூடாது.

"பசிச்சா பீரைக் குடி. வலையில கை வச்சே, உன் விரலையும் சேர்த்துச் சுடுவேன்" என்பாள். மற்றவர்கள் வருஷக்கணக்காகத் தின்றார்கள். சுடக் கற்றுக்கொள்ளவில்லை.

போன மாதம் தூக்கத்திலேயே அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. நாகோயாவில் வேலை பார்க்கிற நான் அன்று வீட்டுக்கு வந்திருந்தேன். எழுப்பப் போனது நான்.

பிறகு மாமா போன் செய்தார். "இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கலாம்னு இருக்கோம்மா. முத்சு இல்லாம எங்களுக்கு ஒரு துண்டு சுடத் தெரியாது. கடைசியா நீயும் வா."

போனேன். அது நிற்கக்கூடாது என்று எனக்கு இருந்தது. மற்ற இடங்களில் எல்லாரும் அம்மாவைப் புகழ்ந்தார்கள். அந்த மேசையில்தான் அவளைத் திட்டுவார்கள்.

"சனாயே கொதிகலன் இஞ்சினியராச்சே. அவகிட்டே குடுங்க" என்றாள் யசுயோ அத்தை.

இடுக்கியை வாங்கினேன். வெப்பம் சீராகப் பரவட்டும் என்று குடலைச் சம இடைவெளியில் அடுக்கினேன். கொழுப்பு உருகிக் கரியில் கொட்டியது. தீ மாமாவின் புருவம்வரை எழும்பியது. கின்ஜோ அக்கா ஓடிவந்து வலைமேல் ஐஸ் துண்டுகளைப் போட்டாள்.

"இவ வேலை செய்யற ஃபேக்டரி இன்னும் வெடிக்கலியா?"

"வாயை மூடிட்டு நீங்க சுடுங்க மாமா."

அவர் சுட்டார். வெளியே கரி, உள்ளே பச்சை. அத்தை சுட்டது வலையோடு ஒட்டிக்கொண்டது.

"இத்தனை வருஷம் கண்ணைத் தொறந்துட்டுத்தானே தின்னோம்?" என்றாள் அத்தை.

"நான் குடிச்சிட்டிருந்தேன்" என்றார் மாமா.

கடைசியில் ஒரே ஒரு துண்டு தேறியது. ஓரம் முறுகி, நடுவில் கொழுப்பு பளபளத்தது. சாப்பிடும் குச்சிகளால் எடுத்து மாமாவிடம் நீட்டினேன். அவர் தட்டு கருகல்களால் நிறைந்திருந்தது. பசி வேறு. தன் குச்சியாலேயே மறுமுனையைப் பிடித்துவிட்டார்.

ஒரு துண்டு. இரண்டு ஜோடிக் குச்சிகள்.

எங்கள் ஊரில் சாப்பாட்டில் அப்படிக் குச்சிக்குக் குச்சி மாற்றினால் பிள்ளைகளுக்குக் கையில் அடி விழும். சுடுகாட்டில், எரிந்த எலும்பை அப்படித்தான் கைமாற்றுவது வழக்கம். போன மாதம் அம்மாவின் எலும்பை இதேபோல நான் நீட்டினேன். எதிரில் நின்று வாங்கியதும் இவர்தான்.

"விட்டுடு" என்றார் மெதுவாக.

"நீங்க விடுங்க."

"நான் விட்டா தீயில விழும். தேறினதே இது ஒண்ணு."

கொழுப்பு சொட்டிக்கொண்டிருந்தது. யசுயோ அத்தைதான் வாயைத் திறந்தாள்.

"முத்சு இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் இடுக்கியால சூடு வச்சிருப்பா. 'என் எலும்புகூட இப்படிக் கருகலேடா'ன்னிருப்பா."

முதலில் கின்ஜோ அக்கா சிரித்தாள். பிறகு மாமா. நான் சிரித்த சிரிப்பில் குச்சி நழுவியது. மாமா துண்டைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். நாக்குச் சுட்டு, பீரைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் தட்டை நீட்டித் தொலைங்க" என்றாள் அத்தை, மேசையைத் துடைத்தபடி.

"அடுத்த வாரமா?" என்றாள் கின்ஜோ அக்கா.

அத்தை துடைப்பதை நிறுத்தினாள். மாமாவைப் பார்த்தாள். மாமா அடுப்பைப் பார்த்தார்.

"பின்னே? இந்த லட்சணத்துல நிறுத்தினா ஊர் சிரிக்கும். இன்னொரு தட்டு குடல் கொண்டா. இந்தத் தடவை நான்."

"நீங்களா? கடையைக் கொளுத்தவா?"

மாமாவும் அத்தையும் இடுக்கியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான் போனில் நாகோயாவிலிருந்து வரும் அடுத்த வெள்ளி மாலை ரயில்களைப் பார்த்தேன். உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே வந்துவிடலாம்.