மைக் அக்கா கொடுத்த குரல்

பேருந்து நிலையத்தில் பதினாறு வருஷமாக அறிவிப்புச் சொல்லும் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணீரென்ற குரல். வாய் அதைவிடக் கணீர். டீக்கடையில் நின்று வெட்டிப் பேச்சுப் பேசும் டிரைவர், இவள் மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லி "உடனே எடுக்கவும்" என்றால் பெட்டிப்பாம்பாக அடங்கி ஸ்டியரிங்கைப் பிடிப்பான். அந்தக் குரலின்மேல் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் குரலில் தைராய்டு மாத்திரைக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை. ஆறு வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் காபி வாயில் படக்கூடாது. ஐந்தரைக்கு மைக் முன்னால் உட்கார வேண்டியவளுக்கு அது எத்தனை பெரிய தண்டனை என்று, எதிரே உட்கார்ந்து உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கும் கணவனுக்கு எங்கே தெரியப் போகிறது. அவன் வேண்டுமென்றே சத்தமாக உறிஞ்சுகிறான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கட்டிய முடிவை மாற்றும் பழக்கம் அவளிடம் கிடையாது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. எல்லா எண்களும் சரியாக இருந்தன. டாக்டரிடம் காட்டக்கூட அவள் போகவில்லை.

"வியாதி போயிடுச்சு. இனிமே எதுக்கு இந்த எழவு," என்று மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டாள்.

"டாக்டர ஒரு வார்த்த கேட்டுட்டு நிறுத்தேன்," என்றான் கணவன்.

"நான் காபி குடிச்சா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

அவன் தன் காபியை எடுத்து உறிஞ்சினான்.

முதல் மாதம் ராஜபோகமாகப் போனது. இரண்டாம் மாதம் குளிர ஆரம்பித்தது. மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, இவள் மைக் அறையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மின்விசிறியை நிறுத்தினாள். காலையில் முகம் வீங்கியது. மோதிரம் விரலைவிட்டு வர மறுத்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் சுமை தூக்கிய மாதிரி அலுப்பு. எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு காரணமும் ஒரு குற்றவாளியும் தயாராக இருந்தார்கள். குளிருக்கு மின்விசிறி, வீக்கத்துக்குக் கணவன் வாங்கிய மட்டமான தலையணை, முடிக்குத் தண்ணீர். குரல் கட்டிக்கொண்டதற்கு மட்டும் சாயங்கால ஷிப்டுக்காரி.

சாயங்கால ஷிப்டுக்காரி வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. மதியம் வந்ததும் முதல் வேலையாக மின்விசிறியைப் போடுவாள். அந்தக் காற்றுதான் தன் தொண்டையில் போய் உட்கார்ந்துவிட்டதாக மைக் அக்கா நிலையம் முழுக்கச் சொல்லி வைத்தாள். வெந்நீர் பிளாஸ்க்கும் உப்புக் கொப்பளிப்புமாகச் சமாளித்துப் பார்த்தாள். குரல் நாளுக்கு நாள் தடித்ததே தவிர, தெளியவில்லை.

மூன்றாம் மாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி அறிவிப்பு இயந்திரம்தான். யாராவது ஒருத்தர் எண்களையும் ஊர்ப் பெயர்களையும் ஒரு தடவை படித்துப் பதிவு செய்துவிட்டால், இயந்திரம் கோத்துக் கோத்துப் பேசிக்கொள்ளும். இரண்டு பேரும் விசாரணை ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். அவளுடைய பதினாறு வருஷத்தில் மிஞ்சப் போவது அந்த ஒரு பதிவுதான். யார் குரல் என்பதுதான் கேள்வி.

பதிவுக்கு முந்தின நாள் சாயங்கால ஷிப்டுக்காரி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க குரல் உங்க குரல் மாதிரியே இல்ல. டாக்டரப் பாருங்க. ரெண்டு மாசம் தள்ளி வைக்கச் சொல்லி நானே கேக்குறேன். நீங்கதான் பேசணும்."

"ரெண்டு மாசம் தள்ளி வச்சிட்டு நடுவுல நீ போய் உக்காந்துக்கலாம்னு பாக்குறியா? உன்ன மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்."

"சத்தியமா இல்லக்கா."

"உன் சத்தியத்த நீயே வச்சுக்க."

அன்றைக்கே மேற்பார்வையாளர் அறைக்குப் போய், சீனியாரிட்டி, பதினாறு வருஷம், சங்கம் என்று மேஜையைத் தட்டினாள். அவருக்கு யார் குரல் என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இவள் வாயிலிருந்து தப்பித்தால் போதும் என்று ஒப்புதல் தாளை நீட்டினார். அவள் வெற்றிக் களிப்போடு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் இரண்டு மணி நேரம் படித்தாள். நாக்கு வாய்க்குள் பெரிதாகிக் கிடந்தது. பதினொன்று என்பதற்குள் மூச்சு வாங்கியது. பதிவுக்காரர் போட்டுக் காட்டியபோது யாரோ ஒரு கிழவி அரைத்தூக்கத்தில் பேசுவது போலக் கேட்டது.

"மேடம், இன்னொரு நாள் எடுக்கலாமா?"

"உங்க பெட்டி சரியில்ல. என் குரலுக்கு என்ன கேடு?"

அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரமே விசாரணை ஜன்னலில், வரிசை நின்றுகொண்டிருக்க, தலை சாய்ந்து தூங்கிப்போனாள். ஜனங்கள் கத்திய கத்தலில் சாயங்கால ஷிப்டுக்காரிதான் ஓடிவந்து, கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். மைக் அக்கா அவளைத் திட்டிக்கொண்டேதான் ஏறினாள்.

டாக்டர் அம்மா அவளையும் மிஞ்சிய கோபக்காரி. "ரிப்போர்ட் சரியா வந்ததே மாத்திரையாலதான். குடை பிடிச்சிருந்தேன், நனையல, அதனால குடையத் தூக்கி எறிஞ்சிட்டேன்னு வந்து நிக்கிறீங்க. அந்தத் தொண்டையும் இதனாலதான்."

டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டாள் மைக் அக்கா. ஜென்மத்தில் முதல் தடவை.

மறுபடி வெறும் வயிறு, மறுபடி முக்கால் மணி நேரம். கணவன் இப்போது தன் காபியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குடித்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நான்கு மாதத்தில் மோதிரம் கழன்றது. குரல் பழையபடி கணீரென்று வந்தது. மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

"திரும்பப் பதிவு பண்ணணும் சார்."

"ஒப்பந்தப்படி அஞ்சு வருஷத்துக்குத் தொட முடியாதும்மா. கையெழுத்துப் போட்டது யாரு?"

அவள் ஜன்னலுக்குத் திரும்பினாள். தலைக்கு மேலே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தத் தடித்த குரல் இழுத்து இழுத்துப் பேசும். உடனே புரியாத கூட்டம் இவளிடம் வந்து நிற்கும். பையோடு வந்த ஒரு பெரியவர் ஜன்னலில் குனிந்தார்.

"என்னம்மா சொல்லுது அது? வாயில துணிய வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி."

"பதினொண்ணு பி, நாலாவது நடைமேடை, ஆறு நாப்பதுக்கு."

"கேக்கவே எவ்வளவு தெளிவா இருக்கு. உங்கள விட்டுட்டு அவளப் போய் யாரு வச்சாங்க?"

பக்கத்து நாற்காலியில் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்த சாயங்கால ஷிப்டுக்காரி தலையை நிமிர்த்தவே இல்லை.

"யாரும் வைக்கல," என்றாள் மைக் அக்கா. "அவளாவே சண்ட போட்டு வந்து உக்காந்தா. வேணாம்னு சொன்னவளத்தான் திட்டினா."

மேலே அந்தக் குரல் மறுபடி ஆரம்பித்தது. வரிசை முழுவதும் இவள் முகத்தைப் பார்த்தது. அவள் அது முடியும்வரை காத்திருந்து, அடுத்த வண்டியின் நம்பரைச் சொன்னாள்.