சாம்பல்மேட்டின் மக்கள்தொகை

சாம்பல்மேட்டுக்கு எல்லை சொல்வது சுலபம். வடக்கே கழிமுகம், தெற்கே நிலக்கரி ரயில் ஓடும் தண்டவாளம், கிழக்கே சாம்பல் குட்டை, மேற்கே வள்ளூர் போகிற ரோடு. யாருடைய ஊர் என்று கேட்டால்தான் தகராறு. மாநகராட்சி, 'தண்டவாளத்தோடு எங்கள் எல்லை சரி' என்கிறது. ஊராட்சியோ ரோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. நடுவில் அறுபத்து மூன்று வீடுகள், இருநூற்று நாற்பத்தோரு பேர். இந்தக் கணக்கும் சொக்கம்மாள் தானே வீடு வீடாகப் போய் எடுத்ததுதான். எந்த மகராசன் வந்து எடுத்தான்?

இவர்கள் எல்லாரும் முன்பு ராயபுரம் கடலோரத்தில் இருந்தவர்கள். அங்கே ஒருநாள் ஒருவன் நோட்டோடு வந்தான். 'சும்மா கணக்குதாம்மா' என்று கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். பத்தே நாளில் அந்தக் கைநாட்டுகள், நாங்களாகவே காலி செய்கிறோம் என்கிற சம்மதக் கடிதமாகி நின்றன. பின்னாலேயே புல்டோசர் வந்தது. வயிறு எரிந்துபோன சொக்கம்மாள் சாம்பல்மேட்டில் ஒரு சட்டம் போட்டாள். எவனாவது நோட்டோடு வந்தால் அவள் தட்டைத் தட்டுவாள். எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கழிமுகத்துப் பக்கம் போய்விட வேண்டும், பொழுது சாயும்வரை தலைகாட்டக் கூடாது.

தண்ணீர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். சரக்கு ரயில் நின்றால் மணிக்கணக்கில் நிற்கும். பெண்கள் குடத்தோடு பெட்டிகளுக்கு அடியில் நுழைந்து போய்வருவார்கள். சொக்கம்மாளின் மகள் மதி அப்படி நுழைந்தபோது ரயில் நகர்ந்துவிட்டது. வலது கால் முழங்காலோடு போயிற்று. அன்றிலிருந்து ஐந்து வருடமாக, குழாய் கேட்டு மனு போடுவதே சொக்கம்மாளுக்குப் பிழைப்பாகிவிட்டது. விலாசம் இல்லாத மனுவை வாங்கமாட்டார்களாம். அடையாள அட்டையில் இருந்த ராயபுரம் விலாசத்தையே எழுதிக் கொடுத்தாள்.

மனுவுக்குப் பதிலும் வந்தது. செவ்வாய்க்கிழமை ஆள் வந்து எண்ணுவார், ஐம்பது வீட்டில் ஆள் இருந்தால் குழாய் உண்டு என்று இருந்தது அதில். ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது ராயபுரத்துக்கு, இடித்துத் தள்ளிய வீட்டுக்கு.

செவ்வாய் காலை, தோளில் பையும் கையில் நோட்டுமாக ஒருவன் தண்டவாளத்தைத் தாண்டி வந்தான். சொக்கம்மாள் தட்டை எடுத்து அடித்தாள் பாருங்கள், கால்மணி நேரத்தில் அறுபத்து மூன்று வீட்டிலும் பூட்டு தொங்கியது. ஓட முடியாத மதியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, அவளும் கருவேலம் புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். வந்தவன் பூட்டு பூட்டாகப் போட்டோ எடுப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கடைசியாக அவன் மதி இருந்த வீட்டருகே நின்று போனில் பேசினான்.

"சார், பாலகணேஷ் பேசறேன். குழாய் கேட்டாங்களே, அந்த இடத்துல ஒரு ஈ காக்கா இல்ல சார்."

உள்ளேயிருந்து மதி கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். "எம்மா! கொயா போட வந்த ஆளுமா! ஓடியாம்மா!"

சொக்கம்மாள் முள்ளில் சேலை கிழிய ஓடிவந்தாள். "சார், சார்! எரநூத்தி நாப்பத்தோரு பேரு கீறோம் சார்!"

"எங்கம்மா கீறாங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. "சாய்ங்காலம் வந்துருவாங்க நைனா. செத்த இரு. உன் கால்ல வேணா வுயறேன்."

"போட்டோவோட ஏத்தியாச்சும்மா, இனிமே மாத்த முடியாது. வேணும்னா ஆள் கணக்குல உன்னையும் உள்ள இருக்கிற பொண்ணையும் சேத்துக்கிறேன்."

இரண்டு என்று எழுதிக்கொண்டு அவன் போய்விட்டான். பூட்டைத் திறந்தபோது மதி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சொக்கம்மாளுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

பொழுது சாய்ந்ததும் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு கழிமுகத்திலிருந்து திரும்பினார்கள். பக்கத்து வீட்டு வேம்பு முந்தானையில் கொண்டுவந்த இறாலை ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் எதிரில் வைத்தாள்.

"கொயம்பு வச்சி துன்னுக்கா," என்றாள். "நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கும் நம்ம பேர எய்திகினு போயிருப்பான், கஸ்மாலம்."