விலாசம் சொல்லி ஜெபிக்கிறவள்

"வடக்குத் தெரு அடிகுழாய்க்கு எதிர்வீட்டு மகாலட்சுமிக்கு மூணு நாளாக் கழுத்து திரும்பல ஆண்டவரே. எடது பக்கம். வலது பக்கம் நல்லாத்தான் திரும்புது."

கண்களை இறுக மூடிக்கொண்டு, ஜீப்பின் மேல்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி ராஜமணி சொல்லிக்கொண்டே போகிறாள். கம்பம்மெட்டுச் சாலையில் இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வந்ததும் ஓட்டுநர் காமராஜ் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிடுவான். அது அவளுடைய இடம். மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பதினாறு பெண்கள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு என்ன நோவோ, எந்தப் பிள்ளைக்கு எந்தப் பரீட்சையோ, அத்தனையும் செக்போஸ்ட் வருவதற்குள் மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கடைசியில் ஜீப்பின் முறை. "பிரேக்கு போன வாரமே கீச்சுன்னுச்சு. காமராஜு பாக்குறேன் பாக்குறேன்ங்கிறான். நீங்களே பாத்துக்கங்க."

"ஆமென்" என்று நாலைந்து பேர் சொல்வார்கள். "ஆமீன்" என்று தன் வழக்கப்படி ஜெய்த்தூன் பீவி சொல்வாள். "நம்ம சக்கரைக்கும் சேத்துத்தான கேக்குது அந்தப் புள்ள" என்பது அவளுடைய நியாயம்.

அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தாறு வயது. சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் இறுகக் கட்டிய துண்டு, ஒல்லியான உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத கனத்த குரல். பெயரைச் சொன்னால் போதாதா, தெருவும் அடையாளமும் எதற்கு என்று காமராஜ் ஒருமுறை கேட்டான்.

"ஏலே, கம்பத்துல மட்டும் எத்தன மகாலட்சுமி இருக்காக? எந்த மகாலட்சுமின்னு அவரு தெருத்தெருவா விசாரிச்சிட்டுத் திரியணுமா?"

"கடவுளுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும். நாம சரியாச் சொல்றமான்னு பாப்பாரு."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சபைக்கு அவள் பதினைந்து வருடமாகப் போகிறாள். எந்த நோய் தீர்ந்து அங்கே போனாள் என்று கேட்பவர்களுக்கு அவளுடைய பதில் ஏமாற்றமாக இருக்கும். "எனக்கு ஒண்ணும் தீரல. வீட்டுல எல்லாரும் 'ஏ'ன்னுதான் என்னக் கூப்பிடுவாக. அங்கன போன அன்னைக்கு, ராஜமணி வந்திருக்காக, அவுகளுக்காக ஜெபிப்போம்னு சொன்னாக. எம்பேரு அவ்வளவு நல்லா இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு."

அதற்குப் பிறகு எதையும் அவள் தானாக முடிவு செய்வதில்லை. வரப்போகிற மருமகனின் குணத்திலிருந்து ரவிக்கைத் துணியின் நிறம் வரைக்கும் "ஆண்டவருட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பாள். ரவிக்கைக்குப் பதில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். மருமகன் விஷயத்தில் எட்டு மாதம் ஆயிற்று. "இன்னும் சொல்லலையாக்கா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். "அவருக்கும் யோசிக்கணும்ல" என்பாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருட ஐப்பசியில் ஒரு தவறு நடந்தது. அதே ஜீப்பில் வரும் ராஜாத்திக்கு முப்பது வயது. மழையில் வழுக்கும் சரிவிலும் ஆடு மாதிரி ஏறிக் காய் எடுப்பவள். சின்ன வயதில் வந்து நின்றுபோயிருந்த வலிப்பு அந்த மாதம் அடுப்படியில் இரண்டு தடவை வந்துவிட்டது. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ராஜமணியிடம் மட்டும் அதைச் சொன்னாள்.

"யாருட்டயும் சொல்லிராதக்கா. மலையில ஏத்த மாட்டாக."

"நான் யாருட்டச் சொல்லப்போறேன்" என்றாள் ராஜமணி.

மறுநாள் காலை, இரண்டாவது வளைவில், ஆண்டவரிடம் சொன்னாள். தெரு, வீட்டு அடையாளம், வலிப்பு வந்த கிழமை, எல்லாவற்றோடும்.

ஆமென் வரவில்லை. அது வராததால்தான் கண்ணைத் திறந்து பார்த்தாள். ராஜாத்தி வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் செய்தி தோட்டத்துச் சூப்பர்வைசர் காதுக்குப் போய்விட்டது. "அசுகமுள்ள ஆளு சரிவுல வேண்டா. விழுந்தா எனக்குக் கேசாகும்" என்று தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டார். மறுநாள் ஜீப்பில் ராஜாத்தியின் இடத்தில் தூக்குவாளிகள் உட்கார்ந்து வந்தன.

ராஜமணி அவள் வீட்டுக்குப் போனபோது ராஜாத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் ஆண்டவருட்டத்தானத்தா சொன்னேன்."

"எனக்கும் கேட்டுச்சு. காமராஜுக்கும் கேட்டுச்சு. ஒங்க ஆண்டவருக்குக் காது மந்தமாக்கா?"

"ஒனக்குச் சொகமாகணும்னுதான..."

"சொகமாகுற வரைக்கும் எம்பிள்ளைக என்னத்தத் திங்கும்? அதையும் வெலாசத்தோட சொல்லிரு." பிழிந்த துணியை உதறினாள். ராஜமணியின் முகத்தில் தண்ணீர் தெறித்தது. அவள் துடைத்துக்கொள்ளாமலே திரும்பி நடந்தாள்.

மறுநாள் வளைவு வந்தது. காமராஜ் பாட்டைக் குறைத்தான். ராஜமணி வாயைத் திறக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லாமல் அவளுக்கு எதுவும் வராது. பஸ்ஸின் பெயர்ப்பலகையைக்கூடச் சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் ஏறுவாள். மனதுக்குள் ஜெபிக்கப் பார்த்தால், ஊறப்போட்ட உளுந்தும் மாட்டுத் தீவனமும் நினைவுக்கு வந்தன. நாலாவது நாள் காமராஜ் பாட்டைக் குறைப்பதை விட்டுவிட்டான்.

ஜெய்த்தூன் பீவியிடம் மட்டும் ஒருநாள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொன்னாள். "நான் பேசும்போது நாலு பேரு உச்சுக் கொட்டுவாக. அந்தச் சத்தம் எனக்குப் புடிச்சிருந்திருக்கும்மா. ஜீப்புக்கு நடுவுல அவரு இருக்காருன்னு நெனச்சேன். நாந்தேன் இருந்திருக்கேன்."

ஜெய்த்தூன் பீவி ஊறுகாயை அவள் பக்கம் தள்ளினாள். "அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா அந்தப் பிரேக்கு விஷயத்த மட்டும் நிறுத்திராத. அதுக்குப் பயந்துதான் அவன் மெதுவா ஓட்டிட்டிருந்தான்."

அன்று வேலை முடிந்ததும் ராஜமணி சூப்பர்வைசரிடம் போனாள். பறித்த காயை உலர்த்தும் ஸ்டோரில் உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலை அவளுடையது. வீங்கிய முட்டியைக் காட்டி, மூன்று வருடம் கேட்டுக் கேட்டு, அந்த வருடம்தான் கிடைத்திருந்தது.

"என் எடத்துல ராஜாத்தி ஒக்காரட்டும் சார். நான் சரிவுக்குப் போறேன்."

அவருக்கும் அவளைத் தெரியும். "ஆண்டவரோடு கேட்டோ?"

"கேக்கல சார். இதக் கேக்கப்போனா முட்டியப் பத்தியும் பேச வேண்டி வரும்."

அவர் பேனாவை மூடிவைத்தார். திங்கட்கிழமையிலிருந்து வரச்சொல் என்றார்.

திங்கட்கிழமை ராஜாத்தி வந்தாள். தூக்குவாளிகளை நகர்த்திவிட்டு ராஜமணிக்கு எதிரே உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டி ஜீப் மலையேறத் தொடங்கியது. இரண்டாவது வளைவில், என்ன நினைத்தானோ, காமராஜ் பாட்டை முழுவதுமாக அணைத்தான். கழுத்து சரியாகிவிட்டிருந்த மகாலட்சுமி முதல் ஆளாகக் கண்ணை மூடிக்கொண்டாள். ராஜாத்தி மூடவில்லை. அவள் ராஜமணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜமணியின் உதடு பிரிந்தது. சட்டென்று தலைத்துண்டின் நுனியை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். பிறகு மடியில் கிடந்த வலது கை மெதுவாக விரிந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படி, ஆளுக்கொரு விரற்கணுவாக, கட்டைவிரல் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. எதிரே ராஜாத்தியின் முறை வந்தபோது விரல் மோதிரவிரலின் நடுக்கணுவில் நின்றது. அடுத்த வளைவு போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. செக்போஸ்டில் காமராஜ் இறங்கிக் காகிதத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுத்தான். கட்டைவிரல் அந்தக் கணுவை விட்டு இன்னும் நகரவில்லை.